கோழித் தண்ணீரில் கலக்கும் பொடி

சென்ற மாதம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். தண்ணீர்த் தொட்டியில் மஞ்சள் நிறப் பொடி ஒன்றைக் கரைத்துக் கொண்டிருந்தார். "கோழிக்கு என்ன நோய்?" என்று கேட்டேன். "நோய் ஒன்றும் இல்லைங்க, வராமல் இருக்கத்தான்" என்றார். பொடியின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. கடைக்காரர் கொடுத்தாராம், அவரும் வாங்கி வந்து விட்டாராம்.

இந்த 'வராமல் இருக்க' என்னும் பழக்கம் நமக்குப் பெருங்கேடு என்பது என் அபிப்பிராயம்.

பருத்தி போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பச்சைக் காய்ப்புழுவுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தோம். சாகாத புழுக்கள் பெருகின. 1987-ல் ஆந்திராவில் எத்தனை முறை அடித்தும் புழு சாகாமல் பருத்தி அழிந்தது. கோழியின் குடலில் உள்ள கிருமிகளும் அப்படியே. ஆண்ட்டிபயாடிக் மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் எளிய கிருமி சாகும், மருந்தைத் தாங்கும் கிருமி தங்கிப் பெருகும்.

அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்ற டாக்டர் ஒரு பண்ணையில் இதைச் சோதித்து, 1976-ல் முடிவை வெளியிட்டார். டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் தின்ற கோழிகளில் ஒரே வாரத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் நிறைந்தன. ஆறு மாதத்திற்குள் அந்தப் பண்ணை வீட்டாரின் குடலிலும் அவை மிகுந்து காணப்பட்டன. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் அந்த அளவு இல்லை. கறி வாங்கித் தின்பவனுக்கு முன்னால், கோழிக்குத் தீவனம் வைப்பவன் வீட்டிலேதான் முதலில் நுழைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கோலிஸ்டின் என்று ஒரு பழைய மருந்து உண்டு. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மனித வைத்தியத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மற்ற மருந்துகள் பலிக்காமல் போனபோது, தீவிர சிகிச்சையில் உயிருக்குப் போராடும் நோயாளிக்குக் கடைசி மருந்தாக அதையே மறுபடி எடுத்தார்கள். அதே மருந்தைத்தான் பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலந்து கொண்டிருந்தோம். 2015-ல் சீன விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பச்சை இறைச்சி 523 மாதிரிகளில் 78-ல் கோலிஸ்டினுக்கு அடங்காத கிருமி இருந்தது. அந்த எதிர்ப்புக் குணம் ஒரு கிருமியிலிருந்து வேறு ஜாதிக் கிருமிக்கும் கைமாறக் கூடியது என்பதுதான் டாக்டர்களைத் திடுக்கிட வைத்தது. ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் அது அகப்பட்டது. நம் மத்திய அரசு 2019 ஜூலையில், உணவுக்கு வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றிற்கும் தீவனத்திற்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது. பழைய டப்பா எவர் வீட்டிலாவது இருந்தால் தொட வேண்டாம்.

மருந்து கொடுத்தபின் சில நாள் விட்டு விற்றால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. டப்பாவில் நாள் குறிப்பிடாவிட்டால் பால், முட்டைக்கு 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் விட வேண்டும் என்பது 2012 முதல் விதி. நாற்பது நாளில் பிடிக்கும் கறிக்கோழிக்கு 28 நாள் எங்கே விடுவது? அப்படியே விட்டாலும் கறியில் தங்கிய மருந்துதான் போகும். அடங்காத கிருமி கோழியிலும் ஆழ்கூளத்திலும் இருக்கும். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும், சரி. பச்சைக் கறி அரிந்த அரிவாள்மனையிலேயே வெங்காயமும் அரிகிறோமே! மட்காத கோழி எருவைக் கீரைப் பாத்திக்குப் போடுவதும் இதே கணக்குத்தான்.

வெள்ளைக் கழிச்சலுக்கு டெட்ராசைக்ளின் மாத்திரையை உடைத்துப் புகட்டும் வழக்கம் கிராமங்களில் உண்டு. கழிச்சல் வைரஸால் வருவது. அதற்கு அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது, காசுதான் நஷ்டம். கால்நடைத் துறையின் தடுப்பூசி முகாமுக்குக் கோழியைத் தூக்கிக் கொண்டு போவதே வழி. கறவை மாட்டுக்கு மடிவீக்கம் கண்டால் எடுத்தவுடன் ஊசிக்கு ஓடாமல், சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, தண்ணீர் விட்டு இளக்கி, மடியைச் சுத்தமாகக் கழுவி நாளைக்குப் பல தடவை தடவலாம். கால்நடைப் பல்கலைக்கழகத்தாரும் தேசியப் பால்வள வாரியமும் சொல்லும் முறை இது. மாடு காய்ச்சலில் தீவனம் எடுக்காமல் நின்றால் கால்நடை டாக்டரை உடனே அழைக்க வேண்டும். அவர் ஐந்து நாள் மருந்து சொன்னால் இரண்டு நாளில் நிறுத்தக் கூடாது.

குற்றம் முழுவதும் சிறு விவசாயியுடையதல்ல. ஒப்பந்தத்தில் கோழி வளர்ப்பவருக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கிறது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்குச் சொல்வோர் இல்லை. தீவன மூட்டையிலும் மருந்து டப்பாவிலும் மருந்தின் பெயரும், விற்குமுன் விட வேண்டிய நாளும் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வேண்டும் என்று சர்க்கார் கண்டிப்பான உத்தரவு போட வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கும் கடைக்காரரையும் கேட்க வேண்டும். அதுவரை, பில்லில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். நண்பர் அப்படிக் கேட்டதற்குக் கடைக்காரர் அடுத்த தடவை பார்க்கலாம் என்றாராம். பொடி அத்தோடு நின்று விட்டது. கோழிகள் நன்றாகத்தான் இருக்கின்றன.