படகுக்கும் ஜலதோஷம் பிடிக்கும்!

ஐப்பசி அடைமழையில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நேற்று வரை பொலபொலவென்று இருந்த உப்பு இன்று கசிந்து நிற்கும். பொரித்து வைத்த அப்பளம் பத்தே நிமிஷத்தில் நமுத்துப் போகும். அலமாரியைத் திறந்தால் பட்டுப் புடவையில் ஒரு பூஞ்சை வாசனை! "எங்கேயிருந்துதான் இந்த ஈரம் வருதோ!" என்று அலுத்துக்கொள்ளாத இல்லத்தரசி உண்டா?

ஆனால் ஈரம் என்ன பாடு படுத்தும் என்பதை நான் முழுசாகத் தெரிந்துகொண்டது நம் ஊர் மழையில் அல்ல. இங்கிலாந்தில், ஒரு படகுக்குள்ளே!

என் அக்கா பெண்ணின் குடும்பம் அங்கே இருக்கிறது. லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் கிராண்ட் யூனியன் கால்வாயில் அவர்களுக்கு ஒரு படகு உண்டு. 'நேரோபோட்' என்கிறார்கள். பெயருக்கு ஏற்றபடி அகலம் ஏழு அடிக்கும் குறைவு. நீளம் மட்டும் ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். உள்ளே கட்டில், சமையல் மேடை, குளியலறை, கரி போட்டு எரிக்கும் இரும்பு அடுப்பு எல்லாம் கச்சிதமாக அமைந்திருக்கும். கோடை விடுமுறையில் ஏறிக்கொண்டு, மனுஷர் நடக்கிற வேகத்தில் கால்வாயில் ஊர் ஊராகப் போவார்கள். அக்டோபர் கடைசியில் கரையில் கட்டிப் பூட்டினால் ஏப்ரலில்தான் திறப்பு.

அப்படிச் சில வருஷங்களுக்கு முன் ஓர் ஏப்ரலில் திறந்தபோது நானும் கூட இருந்தேன். கதவைத் திறந்ததுமே குப்பென்று முகத்தில் அடித்தது ஒரு வாடை. "சித்தி, இங்கே வந்து பாருங்களேன்!" என்று கத்தினாள். மெத்தையைப் புரட்டினால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள். ஜன்னல் திரையிலும் அதே கோலம். அலமாரியில் மடித்து வைத்த கம்பளி, பிழிந்தால் தண்ணீர் வரும் போல் சில்லென்று இருந்தது.

துடைத்துத் தேய்த்துவிட்டு அன்றிரவு அங்கேயே படுத்தோம். அதுதான் தப்பு. நடுராத்திரி பேத்திக்கு இழுப்பு வந்துவிட்டது. ஆறு வயசுக் குழந்தை மூச்சுக்குத் திணறுகிறாள். தாயும் தகப்பனும் டார்ச் விளக்கில் இன்ஹேலரைத் தேடுகிறார்கள். விடியும் வரை என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். பூஞ்சை காற்றில் விடும் நுண்துகள்கள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். "படகையே வித்துடலாமா, சித்தி?" என்றாள் என் பெண். ஆசை ஆசையாய் வாங்கியது!

விற்கவில்லை. ஆனால் சரியான வழியைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

யாரும் இல்லாத, பூட்டிய படகுக்குள் ஈரம் எப்படி வருகிறது? ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்கிறதல்லவா, அதே கதைதான். காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கிறது. 20 டிகிரி செல்ஷியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீரைத் தாங்கும். 5 டிகிரிக்கு இறங்கினால் 7 கிராம்கூடத் தாங்காது. மிச்சம் என்ன ஆகும்? குளிர்ந்த கண்ணாடியிலும் இரும்பிலும் மெத்தையின் அடியிலும் நீராய்ப் படியும். போதாக்குறைக்கு ஜன்னல் ஓரத்தில் மழைநீர்க் கசிவு, படகின் அடித்தளத்தில் தேங்கிய தண்ணீர்!

ஆகவே இயந்திரம் வாங்கக் கிளம்புமுன் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. கசிவுகளை அடையுங்கள். அடித்தளத் தண்ணீரை ஒட்ட இறைத்துத் துடையுங்கள். துணிமணி, புத்தகம், மளிகைச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மெத்தைகளைச் சுவரில் ஒட்டாமல் பக்கவாட்டில் நிறுத்துங்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்தே வையுங்கள். கடலில் போகும் படகானால் உள்ளே படிந்த உப்பை நல்ல தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதை நம் ஜாடிதான் சொல்லிவிட்டதே!

இவ்வளவும் செய்த பிறகுதான் 'டிஹ்யூமிடிஃபையர்' என்கிற ஈரம் உறிஞ்சி. என் பெண் முதலில் வாங்கிய பெட்டியின் மேல் 'நாளைக்கு 20 லிட்டர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "அப்பாடா, தீர்ந்தது கவலை!" என்று வைத்துவிட்டு வந்தாள். ஜனவரியில் போய்ப் பார்த்தால் தொட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. உள்ளே இருக்கிற சுருள் கம்பியில் வெள்ளை வெளேரென்று பனி! இயந்திரம் பாவம், தன் மேல் உறைந்ததை உருக்குவதிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது.

குற்றம் இயந்திரத்தின் மேல் இல்லை, தேர்வில்தான். இவற்றில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கம்ப்ரசர் வகை. இது ஒரு குட்டி ஃபிரிட்ஜ். சுருளைக் குளிர வைத்து, அதன் மேல் காற்றை ஓட்டி, ஈரத்தைச் சொட்ட வைக்கும். சுற்றுப்புறமே 5 டிகிரியில் இருந்தால் சுருள் அதற்கும் கீழே, உறைநிலைக்கும் கீழே போக வேண்டும்; அப்புறம் சொட்டு ஏது, பனிதான்! சுமார் 15 டிகிரிக்குக் கீழே போகப் போக இதன் சாமர்த்தியம் குறைந்துவிடும்.

இன்னொன்று, டெசிக்கன்ட் வகை. இதற்குள் ஜியோலைட் என்ற கனிமம் பூசிய சக்கரம் மெதுவாகச் சுற்றும். உப்பு மாதிரி அது ஈரத்தைக் குடிக்கும். உள்ளேயே இருக்கும் ஹீட்டர் அந்த ஈரத்தை விரட்டித் தொட்டியில் சேர்க்கும். உறைநிலையை ஒட்டிய குளிரிலும் வேலை செய்யும். வெளியே விடும் காற்றும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். பூட்டிய படகுக்கு ஏற்றது இதுதான்.

அந்த '20 லிட்டர்' என்ன ஆயிற்று என்கிறீர்களா? கம்ப்ரசர் வகைக்கு அந்தக் கணக்கைப் பெரும்பாலும் 30 டிகிரி வெப்பத்திலும் 80 சதவீத ஈரப்பதத்திலும் எடுக்கிறார்கள். அதாவது கிட்டத்தட்ட நம் சென்னை மழைக்காலம்! இங்கிலாந்தின் தை மாதக் குளிருக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? லிட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்தச் சூட்டில் எடுத்த கணக்கு என்று கேளுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய மற்றக் கேள்விகள் இவை:

1. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தானாகவே ஓடத் தொடங்குமா? சில இயந்திரங்கள் யாராவது வந்து பொத்தானை அழுத்தும் வரை சும்மா இருந்துவிடும். ஆளில்லாத படகில் இது முக்கியம்.

2. தொட்டியிலிருந்து குழாய் போட வசதி உண்டா? தொட்டி நிறைந்தால் இயந்திரம் நின்றுவிடும். குழாயைச் சரிவாக விட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் சேர்த்துவிட வேண்டும். கடல் படகுகளில் அந்தத் தொட்டியின் வெளிவழியைக் குளிர்காலத்தில் வால்வு போட்டு மூடுவதுண்டு. அப்படி மூடியிருந்தால் தண்ணீர் வழிந்து படகுக்குள்ளேயே கொட்டும். ஜாக்கிரதை!

3. ஈரப்பதத்தை இவ்வளவு என்று குறித்து வைக்கலாமா? 55 முதல் 60 சதவீதம் போதும். "இன்னும் காயட்டுமே" என்று ரொம்பக் குறைத்தால் கரண்ட் பில் ஏறும். மரம் சுருங்கி இணைப்புகள் விட்டுப் போகும்.

4. எவ்வளவு வாட்? டெசிக்கன்ட் வகை சற்று அதிகமாகவே கரண்ட் குடிக்கும். 600 வாட் இயந்திரம் பத்து மணி நேரம் ஓடினால் 6 யூனிட். கரையிலிருந்து ஒழுங்கான மின் இணைப்பு இருந்தால்தான் இது நடக்கும். ஒட்டுப்போட்ட ஒயரும் சுருட்டிய எக்ஸ்டென்ஷனும் கூடவே கூடாது.

"இத்தனை செலவு எதுக்கு? ஈரம் இழுக்கிற டப்பா நாலு வாங்கி வைத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். அந்த டப்பாக்களில் இருப்பது கால்சியம் குளோரைடு என்ற உப்பு. ஓர் அலமாரிக்குச் சரி. முழுப் படகுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். சேர்ந்த உப்பு நீர் ஆட்டத்தில் கவிழ்ந்தால் இரும்பை அரிக்கவும் செய்யும்.

அடுத்த குளிர்காலத்தில் டெசிக்கன்ட் வகை வந்தது. அந்தப் பிப்ரவரியில் நான் மறுபடி போயிருந்தேன். கதவைத் திறந்தால், என்ன ஆச்சரியம்! வாடையே இல்லை. மெத்தை மொறமொறவென்று இருந்தது. "சித்தி, இன்னிக்கு இங்கேயே தங்கிடலாம்" என்று என் பெண்ணுக்கு ஒரே குஷி. குளிருக்கு அடக்கமாக இரும்பு அடுப்பில் கரியை அடுக்கி, தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் பக்கத்துப் படகுப் பெரியவர் கதவைத் தட்டினார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "காற்றுத் துவாரங்களில் அடைத்த துணியை எடுத்தாயிற்றா?"

எடுக்கவில்லை! படகின் கூரையில் காளான் குடை மாதிரி காற்றுப் போக்கிகள் உண்டு. இயந்திரம் ஓடும்போது அவற்றைத் திறந்து வைத்தால் ஊர்க் காற்றையே காய வைக்கிற கதைதான். அதனால் என் மாப்பிள்ளை எல்லாவற்றையும் துணியால் அடைத்திருந்தார். ஆளில்லாமல், அடுப்பும் காஸும் அணைந்திருக்கும் வரை அதனால் பாதகமில்லை. காஸ் சிலிண்டர் வைக்கும் அறையின் துவாரத்தை மட்டும் எந்த நாளும் அடைக்கக் கூடாது.

ஆனால் அடைத்த படகில் கரி எரிந்தால்? கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. லேசாகத் தலை வலிக்கும், தூக்கம் சொக்கும். சொக்கியபடியே ஆளை முடித்துவிடும். அங்கே 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்பு விதிகளில், தங்கும் வசதியுள்ள படகுகளுக்கு இந்த விஷவாயுவைக் காட்டும் அலாரம் கட்டாயம். அவர்களிடமும் இருந்தது. இருந்தாலும் அலாரம் என்பது கடைசிக் காவல். காற்றோட்டத்துக்கு அது ஈடாகாது. பூஞ்சையிலிருந்து குழந்தையைக் காப்பாற்றப் போய், இதில் கொண்டு விட்டிருப்போமே என்று எங்கள் எல்லோருக்கும் கை கால் வெலவெலத்துவிட்டது.

ஆகவே வாங்கும் போதே வீட்டில் ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: ஆள் வெளியே போனால் துவாரம் மூடலாம், இயந்திரம் ஓடலாம். ஆள் உள்ளே வந்தால், முதல் வேலை துவாரத்தைத் திறப்பது.

"எங்களுக்கு ஏது படகு?" என்று சிரிக்கிற சகோதரிகளுக்கும் இதில் விஷயம் உண்டு. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வீட்டுக்கு ஈரம் உறிஞ்சி வாங்கினால் கம்ப்ரசர் வகையே சிக்கனம். நம் உஷ்ணம் அதற்குத் தோது. ஊட்டி, கொடைக்கானலில் பூட்டி வைக்கும் குளிர்ந்த வீட்டுக்கு டெசிக்கன்ட் வகை. அதைவிட முக்கியம்: குளிருக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அறைக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்குவது வேண்டவே வேண்டாம். படகில் நாங்கள் செய்ய இருந்த அதே தவறு அது.

இப்போதெல்லாம் படகு ஏறியதும் முதல் வேலை பேத்தியுடையது. அந்தத் துணிகளுக்கெல்லாம் சிவப்பு ரிப்பன் தைத்து, ஒரு கூடையும் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொன்றாய் எண்ணிக் கூடையில் போட்டுவிட்டு அவள் உத்தரவு கொடுக்க வேண்டும்.

"ஆறும் வந்தாச்சு பாட்டி! இப்போ அடுப்பு பத்த வைக்கலாம்!"

அதற்கப்புறம்தான் எங்களுக்குக் காபி.