கொடைக்கானலுக்கு கார் எதுக்கு மக்களே?

லீவு விட்டதும் தேனி, கம்பம் பக்கத்துக் குடும்பங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கொடைக்கானல்தான். ஆனால் மே மாதத்தில் காரில் போனால் பாதி நாள் நெரிசலிலேயே கரைந்துவிடும். ஏரியைப் பார்ப்பதற்குள், முன்னால் நிற்கும் வேனின் நம்பரைக் குழந்தைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள்!

இதற்கான வழி ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே குடியேறினார்கள். ஏரி உருவானது 1863-ல். கோக்கர்ஸ் வாக் 1872-ல். பிரையன்ட் பூங்கா 1908-ல். மலைச்சாலை வேலை முடிந்ததோ 1914-ல்தான். அதுவரை பெரியகுளம் பக்கமிருந்து நடந்தும், குதிரையிலும், ஆட்கள் தூக்கிய நாற்காலியிலும்தான் மேலே போனார்கள். ஆக, இந்த இடங்களெல்லாம் கார் வருவதற்கு முன்பே, நடப்பவர்களுக்காக உருவானவை. இன்றும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே பார்த்துவிடலாம்.

எப்படிப் போவது?

தேனியிலிருந்து பெரியகுளம், தேவதானப்பட்டி, காட்ரோடு வழியாக பஸ்ஸில் போகலாம். நேரடி பஸ் கிடைக்காவிட்டால் வத்தலக்குண்டில் மாறிக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025 கோடையில் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பே வைத்தது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

எதை முதலில் பார்ப்பது?

காலையிலேயே கோக்கர்ஸ் வாக் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் மறைத்துவிடும். வானம் தெளிவாக இருந்தால் கீழே நம்ம பெரியகுளமே தெரியும். அங்கிருந்து இறங்கினால் பிரையன்ட் பூங்கா, பக்கத்திலேயே ஏரி. ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர். நடக்க முடியாதவர்கள் வாடகை சைக்கிள் எடுக்கலாம். தூண் பாறை, பைன் காடு, குணா குகை மூன்றும் ஒரே பக்கம் இருப்பதால் அதற்கு மட்டும் டாக்ஸி பேசினால் போதும்.

தாத்தா, பாட்டி வருகிறார்களா?

ஊர் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று நிதானமாக நடக்கட்டும். தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் கொண்டுபோங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, பிடிபட்டால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி.

இன்னொரு விஷயம். நமக்கு அது சுற்றுலாத் தலம், அங்கே இருப்பவர்களுக்கு அது சொந்த ஊர். ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைகளும், அவசரத்துக்கு ஓடும் ஆம்புலன்ஸும் அதே மலைச்சாலையில்தான் வர வேண்டும். நீங்கள் வீட்டிலேயே விட்டுப்போகும் ஒரு கார், அவர்களுக்குக் கிடைக்கும் கொஞ்சம் வழி.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நிம்மதியாகச் சுற்றலாம்!