மாண்டவி ஆற்றில் விரித்த வலை

கோவா மக்கள் கேசினோக்களில் சூதாட அம்மாநில அரசு 2020 பிப்ரவரி முதல் தடை விதித்தது. அவர்களுக்குத் தீங்கென்றால், மும்பையிலிருந்து போனஸ் பணத்தோடு போகும் நம் இளைஞர்களுக்கு மட்டும் நன்மையா? உரிமக் கட்டணம் கஜானாவை நிரப்புகிறது; வெளியூர்க்காரனுக்குக் கதவு திறந்தே கிடக்கிறது.

பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் அக்கப்பல்களில் நடப்பதென்ன? ரூபாய் நோட்டு வண்ண வில்லையாகிறது. கூலிக்காசு என்ற நினைவே மறைகிறது. சாப்பாடும் மதுவும் பெரும்பாலும் நுழைவுக் கட்டணத்திலேயே அடக்கம். யார் வீட்டுக் காசில் என்று சொல்லவும் வேண்டுமோ!

கணக்கைப் பாருங்கள். ஒற்றைப் பூஜ்ய ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள். ஒவ்வொன்றிலும் நூறு ரூபாய் வீதம் 3,700 கட்டினாலும் கைக்குத் திரும்புவது 3,600 தான். மோசடியே தேவையில்லை! பக்கத்து எண்ணில் பந்து விழுந்தால், ‘அடுத்தது நமக்குத்தான்’ என்று மனம் துடிக்கும். சக்கரத்துக்கோ முந்தைய ஆட்டம் நினைவில் இல்லை.

போகாதிருப்பதே நல்லது. போயே தீருவேன் என்னும் தோழர், முதலில் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை அனுப்பிவிடட்டும். போனாலும் அடுப்பு அணையாத தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏ.டி.எம். அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். குடித்துவிட்டு ஆட வேண்டாம். விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கவே கூடாது.

கோவா அரசை நாம் கேட்பது ஒன்றே: உன் மக்களுக்கு இட்ட வேலியை எங்கள் மக்களுக்கும் இடு!