வார நாளில் வேலைக்கு, வார இறுதியில் பந்தயத்தடத்துக்கு: எந்தக் கார்?

"வேகமான கார் வாங்க வேண்டும்" என்று ஓர் இளைஞன் சொன்னால் நம் சமூகத்தில் இரண்டே பதில்கள்தாம் கிடைக்கின்றன. பெரியவர்கள், "வீண் ஆடம்பரம், உயிருக்கும் ஆபத்து" என்று பேச்சை முடித்து விடுகிறார்கள். நண்பர்கள், "எத்தனை குதிரைசக்தி?" என்று கேட்டு உசுப்பேற்றுகிறார்கள். எந்தக் கார், எதற்காக, எவ்வளவு கடனில், எந்தச் சாலையில் என்று உட்கார்ந்து பேசுவார் யாரும் இல்லை. மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களிலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் பல்கலைக்கழகம் வந்து, பட்டம் பெற்று, குடும்பத்திலேயே முதல் ஆளாக மாதச் சம்பளம் வாங்கப் போகும் மாணவர்களுக்கு இந்தப் பேச்சு கட்டாயம் தேவை.

கேள்வி இதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போக வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது செப்பாங் பந்தயத்தடத்தில் ஆசை தீர ஓட்ட வேண்டும். இரண்டு கார் வாங்க வசதியில்லை. ஒரே காரில் இரண்டும் நடக்குமா? நடக்கும். ஆனால் தேர்ந்தெடுக்கும் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும். எது மிக வேகமாக ஓடும் என்று பார்க்காமல், பந்தயத்தடத்தில் உடைந்து போனாலும் நம் குடும்பம் தாங்கக்கூடிய கார் எது என்று பார்க்க வேண்டும். இதுவே என் கருத்து.

காரும் நாமும்

கார் நமக்கு அந்நியமான பொருள் அன்று. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் தோன்றியது. டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் கித்தா மரம் நட்டார். 1898-இல் புக்கிட் அசஹானில் அதைப் பெரிய அளவில் விரிவுபடுத்தினார். அடுத்த சில பத்தாண்டுகளில் உலகமெங்கும் கார்கள் பெருகியபோது, அவற்றின் டயர்களுக்கு வேண்டிய பாலை விடியற்காலையில் வெட்டி எடுத்தவர்கள் நம் பாட்டனும் பாட்டியும்தான். அவர்கள் வெட்டிய பால் ஊர் ஊராக ஓடியது. அவர்களுக்கோ சைக்கிள் வாங்குவதே பெரிய காரியமாக இருந்தது.

காலம் மாறியது. கித்தாக் காடுகள் பெரும்பாலும் செம்பனையாயின. 2003-இல் அலோர் காஜா வட்டாரத்துப் பெகோவில் ஹோண்டா நிறுவனத்தின் கார் தொழிற்சாலை வந்தது. டயருக்குப் பால் கொடுத்த மாநிலம் முழுக் காரையே பொருத்தி அனுப்பும் மாநிலமாயிற்று. ஆகவே மூன்றாம் தலைமுறைப் பிள்ளை ஒரு நல்ல காருக்கு ஆசைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆசை அவனைக் கடனிலும் சாலையோரத்துக் கால்வாயிலும் தள்ளிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

சாலை வேறு, தடம் வேறு

செப்பாங் பந்தயத்தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த தடம் அது. நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவில் இறுக்கமான வளைவுகள் வருகின்றன. அங்கே காரின் வேகத்தை ஒரு சில விநாடிகளில் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும். வேகம் இரு மடங்கானால் காரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளியில் இயற்பியலில் படித்திருக்கிறோம். அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றி விழுங்குவது பிரேக். ஒரு சுற்றில் பலமுறை, தொடர்ந்து பல சுற்றுகள் இந்தச் சோதனை நடக்கிறது.

சாதாரணக் கார்கள் தடத்தில் தோற்பது இங்கேதான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 தரத்தில் உள்ள புதிய எண்ணெய் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகோ அந்த அளவு 155 பாகைதான். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். மிதித்தால் மிதி தரைவரை போகும், கார் நிற்காது. நம் நாட்டு ஈரக்காற்றில் இதை நினைவில் கொள்ளாமல் தடத்துக்குப் போவது பேராபத்து. புதிய பிரேக் எண்ணெய்க்கும் தரமான பிரேக் கட்டைகளுக்கும் ஆகும் செலவு, சத்தம் போடும் எக்ஸோஸ் குழாய்க்கு ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆனால் பட்டறையில் முதலில் கேட்கப்படுவது எக்ஸோஸ்தான்!

இதற்கு மறுபக்கமும் உண்டு. முழுப் பந்தயத்துக்கென்றே செய்த பிரேக் கட்டைகள் சூடேறிய பிறகே நன்றாகப் பிடிக்கும். காலை ஆறரை மணிக்கு வீட்டு வாசலைவிட்டுக் கிளம்பி முதல் சந்திப்பில் மிதிக்கும்போது அவை கைவிட்டுவிடக்கூடும். டயரும் அப்படித்தான். பள்ளம் குறைந்த பந்தய டயர் காய்ந்த தடத்தில் ஒட்டிப் பிடிக்கும். மாலையில் கொட்டும் மழையில் தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் மிதக்கும். சாலை, தடம் இரண்டுக்கும் பொதுவான நடுத்தர வகைகளே ஒற்றைக் கார் வைத்திருப்பவருக்கு ஏற்றவை.

அடுத்தது காரின் உயரம். தரையோடு தரையாக இறக்கிய கார் படத்தில் அழகாக இருக்கும். செம்பனை லாரிகள் ஏறி இறங்கிக் குழி விழுந்த தோட்டச் சாலையில், தமிழ்ப்பள்ளி வாசலில் இருக்கும் வேகத்தடையில், அதன் அடிவயிறு உரசும். தினமும் மெர்லிமாவிலிருந்தோ பெம்பானிலிருந்தோ மலாக்கா பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு அந்த விறைத்த சஸ்பென்ஷன் ஆறே மாதத்தில் வெறுத்துவிடும்.

எந்தக் கார்கள்?

நம் நாட்டில் இந்தப் பேச்சு புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ.-யில்தான் தொடங்கும். 1.8 லிட்டர் இயந்திரம், சுமார் 140 குதிரைசக்தி. வளைவில் அது காட்டும் நிதானம் லோட்டஸ் பொறியாளர்களின் கைவண்ணம். இன்றும் அதன்மேல் பலருக்கு மோகம் குறையவில்லை. ஆனால் அது கால் நூற்றாண்டுக் கிழம். துருவும் உதிரிபாகத் தட்டுப்பாடும் அதோடு சேர்ந்தே வரும். தினசரி ஓட்டத்துக்கு அதை நம்புவது கடினம். மூன்று கதவுதான் என்பதால், முழங்கால் வலியுள்ள அம்மாவைப் பின்னிருக்கையில் ஏற்றுவதும் பெரும்பாடு. 2006-இல் வந்த சத்ரியா நியோ வயதில் சற்று இளையது. கதவு விஷயத்தில் அதுவும் அப்படியே.

பயன்படுத்திய சுசூகி சுவிஃப்ட் ஸ்போர்ட் என் முதல் பரிந்துரை. 1.6 லிட்டர் இயந்திரம் கொண்டது, எடை சுமார் ஒரு டன்தான். எடை குறைந்த காருக்குப் பிரேக்கும் டயரும் மெதுவாகவே தேயும். எடை கூடினால் எல்லாச் செலவும் கூடும். கொஞ்சம் விலை குறைவாகத் தேடுகிறவர்கள் மேனுவல் கியர் கொண்ட பழைய 1.5 லிட்டர் பெரோடுவா மைவியைக்கூட எண்ணிப் பார்க்கலாம். சிரிக்க வேண்டாம். நல்ல டயரும் பிரேக்கும் போட்ட மைவியில் தடத்தின் கோடுகளைக் கற்றுக்கொண்டவன், பிறகு எந்தக் காரையும் ஓட்டுவான். குதிரைசக்தியை மட்டும் நம்பிப் பழகியவனுக்கு வளைவு வந்தால் கை நடுங்கும்.

மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஆனால் இருக்கை இரண்டே. தாத்தாவைக் கிளினிக்குக்கும் தங்கையைப் பள்ளிக்கும் அழைத்துப் போக வேண்டிய வீட்டில் அது ஒரே காராக இருக்க முடியாது.

ஹோண்டா சிவிக் டைப் ஆர் பலருடைய கனவு. 2023-இல் இங்கு அறிமுகமான தலைமுறைக்கு 319 குதிரைசக்தி. ஒரு விசையைத் தட்டினால் சஸ்பென்ஷன் மென்மையாகும். இன்னொன்றைத் தட்டினால் தடத்துக்கு இறுகும். ஒரே காரில் இரண்டு வாழ்க்கை என்ற கேள்விக்குப் பொறியியல் தந்த சிறந்த விடைகளில் ஒன்று என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பெகோவில் ஹோண்டா தொழிற்சாலை இருக்கிறதே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். டைப் ஆர் ஜப்பானிலிருந்து இறக்குமதியாவது.

கணக்கைப் பார்ப்போம்

2023-இல் அறிவித்த அதன் விலை 399,900 ரிங்கிட். பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, மீதியை ஒன்பது ஆண்டுகளில், அதாவது 108 மாதங்களில், அடைப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டியை அறவே விட்டுவிட்டு அசலை மட்டும் வகுத்தாலும் மாதம் 3,332 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஆக, அந்தக் காரின் அசல் தவணை மட்டுமே ஏறக்குறைய இரு தொழிலாளர்களின் மாதச் சம்பளம். இதற்குமேல் வட்டி, காப்புறுதி, சாலைவரி, டயர், எண்ணெய். பி.டி.பி.டி.என். கடன் வேறு வாசலில் காத்திருக்கும்.

தொழிலில் வளர்ந்து, வீட்டுக்கடனும் கட்டி, கையில் மிச்சம் வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள் அதைத் தாராளமாக வாங்கலாம். அவர்களிடம் எனக்கு வழக்கில்லை. இருபத்தைந்து வயதில், அப்பாவைப் பிணை நிற்கச் சொல்லி வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன். பொறுத்துக்கொள்ளும் ஆற்றலை அளந்து செயல்படச் சொல்லத் திருக்குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பேச்சுப்போட்டிக்கு மட்டும்தானா அது?

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. வழக்கமான மோட்டார் காப்புறுதி, பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தும்போது ஏற்படும் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. தடத்தில் கார் தடுப்பில் மோதினால் செலவு முழுவதும் நம்முடையது. கார் போய்விடும், தவணை போகாது. பேருந்து வசதி குறைந்த தோட்டப்புறத்தில் கார் இல்லையென்றால் திங்கட்கிழமை வேலைக்கும் போக முடியாது. தாங்கக்கூடிய காரை வாங்குங்கள் என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

"சின்னக் காரில் போனால் மதிப்பார்களா?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. உறவினர் வீட்டுத் திருமணத்தில் காரைப் பார்த்து மனிதனை எடைபோடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஆனால் மோட்டார் விளையாட்டில் மதிப்பு வேறு வழியில் வருகிறது. மலேசியரான கரம்ஜிட் சிங் 2002-இல் புரோட்டோன் பெர்ட் காரில் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்றார். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். இவர்களை உலகம் மதித்தது, மூடிய தடத்தில், விதிகளுக்குள், கடிகாரத்தோடு போட்டியிட்டதற்காக.

நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதை நம் இளைஞர்கள் கொண்டாடினார்கள். அதற்குச் சில நாள் முன்பு பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியையும் பார்த்திருப்பார்கள். அவர் காயமின்றி இறங்கி வந்தார். இரும்புக் கூண்டு, ஆறு முனை இடைவார், தலைக்கவசம், தடுப்பு வேலி, எதிரே வண்டி வராத பாதை ஆகியவை தரும் பாதுகாப்பு அது. அதே வேகத்தில் அலோர் காஜா, மலாக்கா, ஜாசின் நெடுஞ்சாலையில் நள்ளிரவில் சுழன்றால் எதிரே இருப்பது மரமும் கால்வாயும், இரண்டாம் ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் யாரோ ஒருவரும்தான். நம் நாட்டில் 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் சாலை மரணங்கள் 6,000-ஐத் தாண்டின. இறந்தவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளோட்டிகள். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதை 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மனசாட்சி தடை செய்ய வேண்டிய செயல் அது.

என்ன செய்யலாம்?

முதலில், இப்போது இருக்கும் காரை வைத்தே தடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பிரேக் எண்ணெய் மாற்றி, டயர் பார்த்து, நல்ல தலைக்கவசம் அணிந்து, அனுபவமுள்ளவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். அந்த ஒருநாள் உங்களுக்கு வேண்டிய கார் எது என்று எந்த விற்பனையாளரையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடும். பலருக்கு அந்த ஒருநாளே போதும் என்றும் ஆகிவிடும், அதுவும் இலாபமே.

இரண்டாவது, காருக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பிரேக், டயர், தட நாள் கட்டணம் ஆகியவற்றுக்கென முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மிச்சத்தில் எந்தக் கார் வருமோ அதுவே உங்கள் கார்.

மூன்றாவது, நம் தமிழ் மொழிக் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். கலை இரவும் நாடகமும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நடத்த வேண்டியவைதாம். ஆண்டில் ஒருநாள், கார் பிரியர்களான மாணவர்களைத் திரட்டி ஒரு தட நாளுக்கோ பாதுகாப்பான ஓட்டுதல் பயிற்சிக்கோ அழைத்துச் செல்லக் கூடாதா? கார்க் கடனைப் பற்றி ஒரு முன்னாள் மாணவர் வந்து ஒரு மணி நேரம் தமிழில் பேசக் கூடாதா? நள்ளிரவுச் சாலையில் நிற்கும் தம்பிகளை வெறும் அறிவுரையால் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவர்களுக்குப் போக ஓர் இடம் காட்ட வேண்டும். அந்த இடத்துக்குப் போய், ஓட்டி, அதே காரில் திரும்பி வந்து, மறுநாள் காலை வேலைக்கும் போகும் இளைஞர்களை உருவாக்குவோம். சிந்திப்போம், செயல்படுவோம்.