சேமித்த நீர் யாருடையது?

வறண்ட நிலத்தில் மதுவுக்கான திராட்சையை வளர்ப்பது பற்றிப் பேச்செடுத்தால், இரண்டு பெயர்கள் மந்திரம் போல் உச்சரிக்கப்படுகின்றன. ஒன்று சொட்டு நீர்ப்பாசனம். மற்றது மண்ணைப் போர்த்தி ஈரங்காக்கும் மூடாக்கு. இவை இருந்தால் நீர்ப்பஞ்சம் தீர்ந்தது என்பது தொழில்நுட்பவாதிகளின் கட்சி. இவற்றின் விஞ்ஞான உண்மையை நாம் மறுக்கவில்லை. துளித்துளியாக வேரடியில் இறங்கும் நீர் வெயிலில் வீணாவது குறைவு. போர்த்திய மண் எளிதில் உலர்வதில்லை. ஆனால், மிஞ்சிய நீர் எங்கே போயிற்று என்று இவர்கள் கேட்பதேயில்லை. அது உடைமை பற்றிய கேள்வியாகையால் அவர்களுடைய பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை போலும்!

ஸ்பெயின் தேசத்து லா மாஞ்சாவை எடுத்துக்கொள்வோம். தொன் கிஹோத்தே காற்றாலைகளோடு பொருத அதே பீடபூமி. இன்று உலகின் மிகப் பரந்த திராட்சைப் பிரதேசங்களுள் ஒன்று. அங்கே விவசாயி ஐரேன் என்னும் வரட்சி தாங்கும் இனத்தை இரண்டரை மீற்றர் இடைவெளியில் நட்டு, கம்பிப் பந்தலின்றித் தரையோடு தரையாகப் படரவிட்டான். தாழ்ந்து விரிந்த இலைகளே தம்மடி மண்ணுக்கு நிழலாயின. மேல்மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, அப்புழுதியையே மூடாக்காக்கினான். மழையன்றி வேறு நீரில்லை. 1970ஆம் ஆண்டுச் சட்டமும் திராட்சைக்கு நீர்பாய்ச்சுவதைத் தடைசெய்திருந்தது.

அத்தடை 1996இல் நீக்கப்பட்டது. எதன் பேரால்? வரட்சி நிவாரணத்தின் பேரால்! அப்பிரதேசத்தின் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படுவதாக அரசே 1987இல் தற்காலிகமாகவும் 1994இல் முடிவாகவும் பிரகடனஞ் செய்திருந்தது. 'குவாதியானாவின் கண்கள்' எனப்பட்ட ஊற்றுகள் 1980களிலேயே வற்றிவிட்டன. நீரில்லை என்று அறிவித்த அரசு, இரண்டே ஆண்டில் அந்நீரைக் கொடிகளுக்கும் திறந்துவிட்டது. சிக்கனமான குழாய் கைவசம் இருக்கையில் இதனால் என்ன கேடு என்று நினைத்தார்கள்.

பொது நிதியும் இரு கைகளாலும் வழங்கப்பட்டது. நீர்ப்பாசனத்தைக் குறைப்போருக்கு 1993 முதல் ஐரோப்பிய நிதியிலிருந்து ஈட்டுத்தொகை கிடைத்தது. பழைய கொடிகளைப் பிடுங்கிக் கம்பியில் ஏறும் புதிய தோட்டம் அமைப்போருக்கு 2000 முதல் அதே ஐரோப்பாவின் உதவித்தொகை கிடைத்தது. கம்பித் தோட்டத்தின் கூடவே சொட்டுக் குழாயும் வந்தது.

இதன் பொறிமுறை எளியது. வாய்க்காலில் பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி நிலத்துக்குள் கசிந்து மீண்டும் நீர்த்தேக்கத்தை அடையும். குழாய் அதனை நிறுத்திவிடுகிறது. ஆகவே சேமிப்பு என்று கணக்கெழுதியதில் ஒரு பங்கு, நிலத்தடிக்குத் திரும்பவேண்டிய நீரே. எஞ்சிய பங்கு கிணற்றுக்காரனுக்குச் சொந்தம். அதைக்கொண்டு அவன் இன்னொரு வயலில் குழாய் பதிக்கிறான். இது நமது கற்பனையன்று. பாசனச் சிக்கனம் நீர் நுகர்வைக் குறைப்பது அரிது என்று 2018இல் 'சயன்ஸ்' இதழில் கிராஃப்டனும் சகாக்களும் எழுதினர். நிலக்கரியைப் பற்றி இதே நியாயத்தை 1865இலேயே ஜெவன்ஸ் எடுத்துரைத்தார். அவரோ பொதுவுடைமைவாதியல்லர்!

நீர் பொதுச்சொத்தல்லவா என்று கேட்கலாம். 1985இன் ஸ்பானிய நீர்ச் சட்டம் நிலத்தடி நீரைப் பொதுவுடைமை என்றே கூறிற்று. ஆயினும் அதற்கு முன் தோண்டிய கிணறுகளின் சொந்தக்காரர் தம் தனியுரிமையை வைத்துக்கொள்ள அதே சட்டம் வழிவிட்டது. முந்தித் தோண்டியவனுக்கு நீர். பிந்தியவனுக்குச் சட்டப் புத்தகம்.

மானாவாரி விவசாயியை விட்டுக் குழாயை நாடிய சிறு விவசாயியை நாம் குறைகூறவில்லை. நீர் பாய்ச்சிய கொடி பன்மடங்கு காய்க்கும். கொள்முதல் விலையை நிர்ணயிப்பவன் அந்த விளைச்சலைக் கொண்டே கணக்கிடுவான். அந்த விலையில் மழையை நம்பிய கொடி சோறு போடாது. பழைய முறையைப் போற்றி ஒரு பாட்டெழுதிவிட்டு நகர்வது நமக்குச் சுலபம், அவனுக்கோ கடன்.

மூடாக்கின் கதையும் சிந்திக்கத்தக்கது. லன்சரோத்தே தீவில் 1730 முதல் 1736 வரை எரிமலை குமுறி வயல்களைக் கருஞ்சாம்பலால் மூடிற்று. குடியானவர் அச்சாம்பலைக் குடைந்து, குழிக்கொரு கொடியாக நட்டு, காற்றைத் தடுக்கப் பிறைவடிவில் கல் அடுக்கினர். ஆண்டுக்கு ஏறத்தாழ 150 மில்லிமீற்றரே மழை. அதனைச் சாம்பல் உள்வாங்கிக் காக்கிறது. யந்திரம் நுழைய முடியாத தோட்டம், முதுகொடியும் கைவேலை. குழாயை விற்க முகவர்கள் உண்டு. சாம்பலை விற்க எவருமில்லை. ஆகவே அதனைப் பரப்புவாருமில்லை. உல்லாசப் பிரயாணிகள் படமெடுத்துச் செல்கிறார்கள்.

சொட்டு நீரை எதிர்ப்பதன்று நம் கோரிக்கை. ஒரு பிரதேசத்தில் மொத்தம் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதை முதலில் வரையறுத்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் மானி பொருத்தி, சிறு விவசாயியின் பங்கை ஒதுக்கிய பின்னரே குழாய்க்குப் பொதுப்பணம் வழங்குக என்கிறோம். லா மாஞ்சாவில் இவ்வரிசை தலைகீழாயிற்று. 1973இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட தாப்லாஸ் தெ தைமியெல் சதுப்பு நிலம் 2009இல் வரண்டு, அதன் முற்றா நிலக்கரிப் படிவு மண்ணுக்கடியில் தீப்பற்றிப் புகைந்தது. அயலெங்கும் சொட்டுக் குழாய்கள் சிக்கனமாகவே சொட்டிக்கொண்டிருந்தன.