ஈக்குத் தெரிந்த அடையாளம்

கந்த சஷ்டியன்று சூரசம்ஹாரம் பார்க்கத் திருச்செந்தூர்க் கடற்கரையில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் கைவிட்டுப்போன குழந்தை, முகத்தைப் பார்த்தல்லவா தாயாரைக் கண்டுகொள்கிறது?

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கிறதே சின்னஞ்சிறு பழ ஈ, அதன் மூளையிலும் பெருங்கூட்டம்தான். வளர்ந்த ஈயின் மூளையில் சுமார் 1,40,000 நரம்பணுக்கள்! மூளை உருவாகும்போது ஒவ்வொன்றும் தனக்குரிய துணையைத் தேடிப் பிடிக்க வேண்டும். நரம்புக்குக் கண் ஏது, முகம் ஏது?

மோப்ப நரம்புகளையே எடுத்துக்கொள்வோம். இவை ஈயின் உணர்கொம்பிலிருந்து மூளைக்குள் வருகின்றன. அங்கே சுமார் 50 உருண்டை முடிச்சுகள். ஒரே வகை நரம்புகள் ஒரே முடிச்சில் கூடித் துணை நரம்புகளைச் சந்திக்கின்றன. இடம் தவறினால் வாசனை ஒன்று, மூளைக்கு எட்டும் சேதி வேறொன்று!

நம் நாட்டில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் ஒபைத் சித்திக்கியும், கென்யாவில் பிறந்து அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்த வெரோனிகா ரோட்ரிக்ஸ் அம்மையாரும் இந்த ஈயின் மோப்ப சக்தியைப் பல வருஷங்கள் ஆராய்ந்தார்கள்.

துணையை அறியும் அடையாளம் ஒன்றை 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் கண்டுபிடித்தார்கள். அதுதான் நரம்பின் மேற்புறத்திலுள்ள 'டெனியூரின்' என்னும் புரதம். சில நரம்புகளில் அது அதிகம். அவை அது அதிகமுள்ள துணையையே நாடுகின்றன. விஞ்ஞானிகள் அளவை மாற்றிப் பார்த்தார்கள். நரம்புகள் தவறான துணையுடன் சேர்ந்துவிட்டன!

மனிதருக்கும் நான்கு வகை டெனியூரின் உண்டு. ஆகவே சகோதரிகளே, பழத்தட்டைத் தாராளமாக மூடிவையுங்கள். ஈயை மட்டும் அற்பம் என்று சொல்லிவிடாதீர்கள்!