ஆலவாயில் முதல் நாள்

விடுமுறைக் காலத்தில் மதுரைக்குப் புறப்படும் குடும்பங்களின் பயணத் திட்டத்தைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். விடியலில் மீனாட்சியம்மன், பிறகு திருப்பரங்குன்றம், அங்கிருந்து அழகர்கோயில், பழமுதிர்சோலை, மாலையில் திருமலை நாயக்கர் மகால், இரவு ரயில். காகிதத்தில் இவை யாவும் அடங்கிவிடும். எழுபது வயதுப் பாட்டியின் முழங்கால்களுக்கு அடங்குமா? திருப்பரங்குன்றம் நகரின் தென்மேற்கே உள்ளது. அழகர்கோயிலோ வடக்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது. நகரைக் கடந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் உச்சிக்கால பூசை முடிந்து நடை சாத்திவிட்டால், வாசலில் காத்திருப்பதே மிச்சம்.

அங்கயற்கண்ணியை ஒருமுறையேனும் காண வேண்டும் என்று பல்லாண்டுகள் ஏங்கியிருந்த முதியவருக்கு இன்னொரு பயணம் வாய்க்குமோ, வாய்க்காதோ! ஆதலின் அன்பர்களே, முதல் நாளை அன்னை ஒருத்திக்கே அளித்துவிடுங்கள். குடும்பத்தில் மிக மெல்ல நடப்பவர் எவரோ, அவருடைய நடைக்கு ஏற்ப அந்த நாள் அமையட்டும்.

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் பாண்டியன் விரைவு வண்டி விடியற்காலையில் மதுரையை அடைகிறது. ரயில் நிலையம் கோயிலுக்கு மேற்கே, அருகிலேயே உள்ளது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் தங்கினால் களைத்தவர் எந்நேரமும் அறைக்குத் திரும்பலாம். ஊர் புதிது என்ற அச்சமும் வேண்டா. மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் என்று கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகவே நகரம் அமைந்துள்ளது. வழி தவறியவர் கோபுரம் எப்பக்கம் என்று கேட்டு நடந்தாலே போதும்.

நீராடி, சிறிதேனும் உண்டு, மருந்துகளை உட்கொண்ட பின் புறப்படுங்கள். சர்க்கரை நோயுள்ளவர் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள். 2018ஆம் ஆண்டு முதல் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை. ஆகவே பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை முன்னரே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பொற்றாமரைக் குளக்கரை அதற்கு ஏற்ற இடம்.

கிழக்கே அட்டசக்தி மண்டபத்தின் வழியே நுழைவது வழக்கம். இத்தலத்தில் முதலில் அம்மனைத் தொழுது, பின்னரே சுந்தரேசுவரரைத் தொழுவது மரபு. இடையே முக்குறுணி விநாயகரின் பேருருவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடிய நடராசரைத் தவறவிடாதீர்கள். பிற தலங்களில் இடக்காலைத் தூக்கி ஆடும் பெருமான் இங்கே வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். தரிசனம் முடிந்ததும் பொற்றாமரைக் குளத்தை நோக்கிச் சிறிது நேரம் அமருங்கள். சுற்றுச் சுவரில் குறட்பாக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பேரப்பிள்ளை ஒரு குறளை உரக்கப் படிக்க, தாத்தா பொருள் சொல்லட்டும். இதுவும் வழிபாட்டின் ஓர் அங்கமே.

நண்பகல் 12.30 மணியளவில் நடை சாத்தப்படும். மாலை 4 மணியளவில் மீண்டும் திறக்கப்படும். இடைப்பட்ட பொழுதில் கல் தளம் வெறுங்காலைச் சுடும். பலரும் இதை வீணாகும் நேரமாக எண்ணி வேறு எங்கேனும் விரைகிறார்கள். அன்னையே ஓய்வு கொள்ளும் வேளையில் நாம் அலைவானேன்? உணவருந்திக் கண்ணயருங்கள்.

வெயில் தணிந்ததும் இயன்றவர்கள் நகரின் கிழக்கேயுள்ள வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குச் செல்லலாம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது. காலையில் கண்ட முக்குறுணி விநாயகர் அக்குளத்தை வெட்டும்போது கிடைத்தவர் என்பது வழிவழிச் செய்தி. காற்று வாங்கியபடி கரையில் அமர்ந்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். இயலாதவர் அறையிலேயே இருக்கட்டும், அதனால் குறையொன்றுமில்லை.

இரவு ஒன்பது மணிக்கு மேல் பள்ளியறை பூசை நடைபெறும். சுவாமியின் திருப்பாதங்கள் பல்லக்கில் ஏறி, வாத்திய ஒலியோடு அன்னையின் சந்நிதிக்கு எழுந்தருளும். பகலெல்லாம் மலைகளுக்கும் மண்டபங்களுக்கும் ஓடிய குடும்பம் இவ்வேளையில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருக்கும், அல்லது ரயிலில் இருக்கும். நண்பகலில் ஓய்வெடுத்த குடும்பமோ பாட்டியின் கையைப் பற்றியபடி அங்கே நிற்கும். பகல் தரிசனத்தில் நெரிசலினூடே நொடிப்பொழுது கண்ட அன்னையின் திருமாளிகையில், நாள் நிறைவுறுவதை அவர் அமைதியாகக் காண்பார்.

பரங்குன்றத்து முருகனும் சோலைமலை அழகரும் மறுநாளும் அங்கேயேதான் இருப்பார்கள். மறுநாள் இல்லையென்றால், அவர்களை அறையிலிருந்தே நினைத்துக் கைகூப்பிவிட்டு ஊர் திரும்புங்கள். அன்னை மீனாட்சியின் அருள் உங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு நல்ல நடையையும் நிறைந்த மனத்தையும் தருவதாக!